கண்ணு, இங்க பாரு

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கோங்க அக்கா. புள்ளையை மடியில் போட்டுக்கொள்கிறேன், ரெண்டு பேருக்கும் இந்த பெஞ்சு போதும். காது டாக்டர் ரூம் இதுதானே? டோக்கன் குடுத்தவர் ஏதோ சொன்னார். மறுபடி கேட்க எனக்குக் கூச்சம். யாரிடமும் வாய் திறந்து ஒன்று கேட்க மாட்டேன். எனக்குப் பேச வராது அக்கா. அஞ்சாங் கிளாஸோடு நின்றவள். என் பேர் முப்பிடாதி. அதைச் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழும்பாது.

உங்க பையனுக்குச் சீழ் வடியுதா? அது சரியாகிவிடும். அதற்குச் சொட்டு மருந்து இருக்கு. இவளுக்குத்தான் என்னவென்று தெரியவில்லை. தாரிகா என்று பேர். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இப்போ பாருங்க. தாரிகா... ஏட்டி, தாரிகா... பார்த்தீங்களா? ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

என் மாமியார், காதைக் காட்டிட்டு வா என்று தேவர்குளம் வழி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். ஆனால் இது காது இல்லை அக்கா. சாபம். ஒரு மனுஷன் விட்ட சாபம். நான் அவருக்கு நல்லதுதான் செய்தேன். இரக்கப்பட்டதற்குக் கிடைத்த கூலி இது.

நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். மாடியில், சின்னப் பிள்ளைகள் உடுப்பு விற்கிற இடம். எங்கள் முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கடை முழுக்க ஸ்பீக்கர் மாட்டி வைத்திருக்கிறார். பாட்டு ஓடும், நடுநடுவே கடை விளம்பரம் ஓடும். முந்தின தீபாவளிக்கு அண்ணாச்சி ஆள் வைத்து ஒரு விளம்பரப் பாட்டு போட்டார். பொங்கலுக்கு எதிர்க்கடையில் அதே பாட்டு ஓடுகிறது, கடைப் பேரை மட்டும் மாற்றி! பில் போடுகிறவர் ஒருத்தர் பென்டிரைவைச் சொருகி எடுத்துக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி அவரைக் கல்லாவுக்கு முன்னால் முட்டி போட வைத்தார். சேலை எடுக்க வந்தவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் திருடினால் அப்படித்தானே?

அதற்கப்புறம்தான் பாட்டு ஓட்டுகிற அந்தப் பெட்டி வந்தது. மதுரையிலிருந்து ஒருத்தர் கொண்டுவந்து வைத்தார். மாடியிலேயே, துணி பேல் மூட்டை அடுக்குகிற ரூமில், இரும்புக் கூண்டுக்குள். பென்டிரைவ் ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தார். மூடி மேல் வெள்ளி ஸ்டிக்கர், தொட்டால் கிழிந்து காட்டிக்கொடுக்கும். பெட்டியில் ஒரு சிவப்பு லைட் எரியும். பக்கத்துப் பொத்தானை லைட் அணைகிறவரைக்கும் அழுத்திப் பிடிக்கணும். அணைந்த பிறகுதான் சாவி போடணும். லைட் எரியும்போது சாவியைத் திருப்பினால், வந்தவன் திருடன் என்று பெட்டி முடிவு பண்ணிவிடும். உள்ளே மெமரி கார்டில் இருப்பதை எல்லாம் தானே அழித்துவிடும்.

"அப்ப எஞ்சரக்கும்லா சேந்து போயிரும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எதிர்க்கடைக்காரனுக்கும் கெடைக்காதுல்லா அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாய்விட்டுச் சிரித்தார்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார். "இவ வாயில போன ஈகூட வெளிய வந்து கத சொல்லாது. இவகிட்ட இருக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. மஞ்சள் கயிற்றில் ஊக்கு இருந்தது. அதிலேயே கோர்த்துக்கொண்டேன். இதோ, இதுதான். இது புதுச் சாவி. பழையதும் இதே மாதிரிதான் இருக்கும்.

பிறகு அண்ணாச்சிக்கு ஒரு யோசனை. மாடியில் பிள்ளைகள் அழுகிறார்கள், சட்டை போட்டுப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள், ஒரு தாய் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல் ஓடினால் பிள்ளைகள் சும்மா இருக்குமே என்றார். மதுரைக்காரர் மைக்கை வைத்துக்கொண்டு எங்களை வரிசையாக நிறுத்தினார். "கண்ணு, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்." இவ்வளவுதான் சொல்லணும். நான் பிள்ளை பெற்றவள் என்று என்னை முதலில் நிறுத்தினார்கள். நானும் சொன்னேன்.

மதுரைக்காரர் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினார்.

"யாத்தீ, எலி கெணத்துல விழுந்த மாதிரி இருக்கு" என்றாள் ஜெசிந்தா. மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. இதையெல்லாம் மனசில் வைக்கிறவள் இல்லை நான்.

ஜெசிந்தா யார் என்று சொல்லவில்லையே. என் பக்கத்துக் கவுண்டர். வாய் ஓயாது. வருகிற பிள்ளையை எல்லாம் தூக்கிக் கொஞ்சுவாள். தாரிகா அப்போது எட்டு மாசக் குழந்தை. மாமியாருக்கு அப்போ இடுப்பு வலி, பிள்ளையைப் பார்க்க முடியாது என்றுவிட்டார். அதனால் பனியன் வந்த அட்டைப்பெட்டியில் சேலையை விரித்து, கவுண்டருக்கு அடியில் போட்டிருப்பேன். நான் உடுப்பு மடித்துக்கொண்டு இருப்பேன். ஜெசிந்தா குனிந்து, "என்னட்டி, ஒங்கம்மா ஒன்கிட்டயும் பேச மாட்டாளா?" என்று கேட்பாள். இவள் காலை உதைத்துக்கொண்டு சிரிப்பாள். சொந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்து அடுத்தவள் பிள்ளையைக் கொஞ்சினால் என்ன அர்த்தம்? நான் கேட்கவில்லை. எனக்குப் பேச வராது.

அவள் குரலைத்தான் எடுத்தார்கள். அண்ணாச்சி அதற்கு ஒரு பூனம் சேலை கொடுத்தார். மதுரைக்காரர் தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அண்ணாச்சி கண் முன்னாலேயே அழித்தார். ஒரே ஒரு காப்பி. அது பெட்டிக்குள். அண்ணாச்சி அப்படித்தான் கேட்டார்.

அப்புறம் காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்குகிறவரைக்கும் அவள் குரல்தான். கண்ணு, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன். மாடியில் அழுகிற பிள்ளை எல்லாம் வாயை மூடி மேலே பார்க்கும். இவளும்தான். அட்டைப்பெட்டிக்குள் கிடந்து தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்ப்பாள். நான் கூப்பிட்டால் வராத சிரிப்பு அதற்கு வரும். ஒருநாள் ஸ்பீக்கரைப் பார்த்துக் கையை நீட்டி, "ம்மா" என்றாள். அதுதான் இவள் பேசின முதல் வார்த்தை. "முப்பிடாதி, ஒம்புள்ளைக்கு அம்மா அங்க இருக்கா" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன் அக்கா. சிரிக்காமல் என்ன செய்ய?

அந்தச் சித்திரையில் ஜெசிந்தா செத்துப்போனாள். கடைக்கு வருகிற வழியில் பைபாஸில் லாரி அடித்துவிட்டது. அவள் செல்போனும் சில்லுச் சில்லாகப் போயிற்று. கடையிலிருந்து மாலை வாங்கிக்கொண்டு போனோம். நான் அழுதேன். எல்லோரும் அழும்போது அழாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

மறுநாள் கடை திறந்தால் மேலே அவள் குரல். வேலை பார்க்கிற பிள்ளைகள் ரெண்டு பேர் மயங்கி விழாத குறை. "அண்ணாச்சி, அத மாத்திருவோமே" என்று சூப்பர்வைசர் கேட்டாள். "செத்தவ கொரலுக்குத்தான்ட்டி மவுசு. ஓடட்டும்" என்றார். ஓடியது. ஒரு வாரத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை. எனக்கு மட்டும் விழுந்தது. இவளுக்கும்.

அப்போதுதான் அவள் வீட்டுக்காரர் வர ஆரம்பித்தார். லூர்து என்று பேர். லாரி செட்டில் லோடுமேன். எங்கள் கடைக்கு பேல் மூட்டை எல்லாம் அவர்தான் ஏற்றி இறக்குவார். ரெண்டு வயசு மகள், அக்சிலியா. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிக்கு வருவார். ஸ்பீக்கருக்கு அடியில் நிற்பார். குரல் வந்ததும் அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்து, "அம்மா ஒளிஞ்சிருக்கா" என்று சொல்லும். ஒன்றும் வாங்க மாட்டார்கள். நிற்பார்கள், போவார்கள். மறுபடி வருவார்கள்.

கடை என்றால் வாங்குகிறவர்களுக்கு இடம் வேண்டாமா?

ஒருநாள் செல்போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. சத்தியமாகச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தாள், நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். செக்யூரிட்டி வந்து போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிக்க வைத்தார். அந்தப் பிள்ளை கத்தியது. மாடிப்படியில் ஏறக் கூடாது என்று அவருக்குத் தடை போட்டார்கள்.

அண்ணாச்சி காலில் போய் விழுந்தார். "ஒரே ஒரு காப்பி அண்ணாச்சி. அவ போட்டோ இருக்கு, சேலை இருக்கு. கொரலு எங்கயும் இல்ல. பிள்ள ராத்திரி அதக் கேட்டுத்தான் ஏங்குது."

"அது கடச் சொத்துடே. இன்னிக்கு ஒனக்குக் குடுத்தா நாளைக்கு எதிர்க்கடையில பாடும். அதுக்குத்தான் சேல குடுத்தாச்சுல்லா?"

சொன்னதில் தப்பில்லை. கொடுத்தார்தானே?

பிறகு அவர் என்னிடம் வந்தார். பின்வாசலில் நான் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டு இருந்தேன். "தங்கச்சி, சாவி ஒன்கிட்டதான் இருக்காம்லா. அவ ஒன்னப்பத்தி ரொம்பச் சொல்லுவா. ஒம்புள்ளயத் தூக்காம அவளுக்குப் பொழுது போகாதுன்னு சொல்லுவா" என்றார். எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியாததா அது?

குனிந்துகொண்டு தூக்கைக் கழுவினேன். அவர் போகவில்லை. "பெட்டியத் தொறந்து அந்தக் கார்ட எடுத்தாப் போதும். கூட்டாளி ஒருத்தன் செல்போன் கடை வச்சிருக்கான். காப்பி போட்டதும் கொண்டாந்து வச்சிருதேன். ஒனக்கு ஒரு கெடுதலும் வராது தங்கச்சி. எம்புள்ளைக்காகப் பாரு."

எனக்கு இரக்கம் வந்துவிட்டது அக்கா. நான் அப்படித்தான், யாராவது கெஞ்சினால் தாங்க மாட்டேன்.

மார்கழி மாசம் கடையில் ஈ ஓட்டுவோம், கல்யாணம் காட்சி இல்லையே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடியில் நான் மட்டும்தான். அவரை வரச் சொன்னேன். பேல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முகம் தெரியாமல் பின்படி வழியாக ஏறி வந்தார். லோடுமேன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? செக்யூரிட்டி, 'பாத்து, பாத்து' என்று மூட்டைக்குத்தான் வழிவிட்டார். பின்னாலேயே அக்சிலியா அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது.

மஞ்சள் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். எத்தனை பேர் கொடுப்பார்கள் சொல்லுங்க? என் வேலை போனால் என் கதி என்ன? அதையெல்லாம் பார்க்கவில்லை நான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ நல்லா இருப்ப தங்கச்சி. புள்ளயக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போனார்.

சிவப்பு லைட்டைப் பற்றியா?

அவர் கேட்கவில்லை அக்கா. நான் சொல்லவும் இல்லை. ஆம்பிளையாளோடு நின்று அவ்வளவு நேரம் எனக்குப் பேச வராது. கூச்சம்.

அக்சிலியாவை ஸ்பீக்கருக்கு அடியில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தேன். இவளையும் கவுண்டருக்கு அடியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். குரல் வருகிற நேரம்தான். பாட்டு அடங்கியது. "கண்ணு, இங்க பாரு, அம்மா இங்க..."

அவ்வளவுதான். பாதியில் நின்றது.

ரெண்டு பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்கிறீர்கள்! மாடியில் அப்படி ஓர் அமைதி. அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஃபேன் சத்தம்கூட நன்றாக இருந்தது.

அவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தார். "எடுத்துட்டேன் தங்கச்சி. பாட்டு ஏன் நின்னுபோச்சு? கார்ட உருவுனதுனாலயா?"

"லைட்டு அணைஞ்ச பெறவுதான் சாவி போடணும்ண்ணே. எரியும்போது போட்டா எல்லாம் அழிஞ்சிரும்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டையில் துடைத்துப் பார்த்தார், துடைத்தால் வந்துவிடும் என்கிற மாதிரி. அப்புறம் கேட்டார். "முன்னாடியே ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

கேட்டால் சொல்லியிருப்பேன் அக்கா. கேட்காமல் எப்படிச் சொல்ல?

சத்தம் நின்றதும் கீழேயிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். பெட்டி திறந்து கிடக்கிறது, கார்டு அவர் கையில். "சாவி எப்பிடிட்டி அவன் கைக்குப் போச்சு?" என்று அண்ணாச்சி கத்தினார். நான் அழுதேன். புள்ளை ஊக்கைப் பிடித்து இழுக்கிறாள் என்று ஆணியில் மாட்டியிருந்தேன் அண்ணாச்சி என்றேன். அது முழுக்கப் பொய்யும் இல்லை. இவள் அப்படி இழுப்பாள்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. இடுப்பில் இருந்த இவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அந்த மட்டுக்கு நல்ல மனுஷன்தான்.

மூட்டை கட்டுகிற கயிற்றாலேயே தூணில் கட்டினார்கள். எதிர்க்கடைக்காரன் எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அக்சிலியாவுக்கு ஒரு பலூன் கொடுத்து நான்தான் திருப்பி உட்கார வைத்தேன். அதையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா அந்த மனுஷன்? அப்புறம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

லாரி செட்டிலும் அவரைச் சேர்க்கவில்லையாம். ஊரைவிட்டுப் போகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு பக்கக் கை தொங்கிக்கொண்டு இருந்தது. இனிமேல் மூட்டை தூக்க முடியாது போல. அந்தப் பிள்ளை அவர் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டு இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூட தேவலை. இவள் தலையில் கையை வைத்து, என்ன சொன்னார் தெரியுமா?

"ஒம்புள்ளையாவது ஒங்கொரலக் கேட்டு வளரட்டும் தங்கச்சி. நெறையக் கூப்பிடு."

சாபம்தானே அக்கா இது? வயிறு எரிந்து, பிள்ளை தலையில் கையை வைத்துச் சொன்னால் வேறு என்ன? அன்றைக்கு ஆரம்பித்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாள். முன்னாடியும் திரும்ப மாட்டாள்தான், அது வேறு. அப்போ அந்தக் குரல் இருந்தது, கெடுத்துக்கொண்டு இருந்தது. இப்போதான் அது இல்லையே. இப்போ திரும்பணும்தானே?

கடையில் புதுப் பெட்டி வைத்தாயிற்று. சென்னைக்காரி ஒருத்தி குரல், இங்கிலீஷும் தமிழுமாக. எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாவி மறுபடியும் என்னிடம்தான். "நீ ஒருத்திதான்ட்டி எனக்கு நம்பிக்க" என்றார் அண்ணாச்சி.

என்னையா கூப்பிடுகிறார்கள்? தாரிகா என்றுதான் சொன்னார்கள். பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா.

*

வந்துவிட்டேன். இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா?

என்னத்தைச் சொல்ல. காது நன்றாகக் கேட்குதாம். பின்னால் நின்று டம்ளரைத் தட்டினார்கள், திரும்பினாள். டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பினாள். நர்ஸம்மா தூரத்தில் நின்று மெதுவாகச் சொடக்குப் போட்டார், அதற்கும் திரும்பினாள். நீங்க கூப்பிடுங்கம்மா என்றார் டாக்டர். கூப்பிட்டேன். அவர் பேனாவைப் பிடித்து விளையாடிக்கொண்டு இருந்தாள். இன்னொரு தடவை என்றார். கூப்பிட்டேன்.

"வீட்டுல புள்ளகிட்டப் பேசுவீங்களாம்மா?" என்று என்னிடமே கேட்கிறார். பேசாமல் வளர்க்கிறேனாக்கும். படித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது அக்கா. சாபத்துக்கு அவரிடம் ஏது மெஷின்?

ஒன்று செய்வீங்களா? உங்களுக்கு நல்ல குரல். நான் சொல்கிற மாதிரி இவளை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. பேர் சொல்லாதீங்க. நான் முன்னாடி சொன்னேனே, அது. கண்ணு, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன் என்று. சும்மா சொல்லிப் பாருங்க. டாக்டருக்குத் தெரியாதது நமக்குத் தெரியட்டும்.

...

திரும்பிட்டா.

சிரிக்கிறா பாருங்க. கையை நீட்டுகிறாள். உங்களிடம் வருகிறாளாம்.

இல்லை, தூக்காதீங்க. போதும் அக்கா. இன்னொரு தடவை சொல்லாதீங்க. சொல்லாதீங்கன்னு சொல்றேன்லா? வாயை மூடுங்க.